கலைப் பட்டமும் விளம்பர மேசையும்



1982-ஆம் ஆண்டு பம்பாயின் ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் 27 வயது இளைஞர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் வரலாறு முதுகலை படித்தவர். ராஜஸ்தான் அணிக்காக ரஞ்சிக் கோப்பை ஆடியவர். கல்கத்தாவில் ஒரு தேயிலை நிறுவனத்தில் தேநீரைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் வேலையும் பார்த்துவிட்டார். விளம்பரத்தைப் பற்றி மட்டும் ஒரு பாடமும் படித்ததில்லை. அவரை எழுதும் பிரிவில் யாரும் உட்காரவைக்கவில்லை. வாடிக்கையாளரோடு பேசி, வேலையை வாங்கி வந்து கொடுக்கும் பிரிவில்தான் சேர்த்தார்கள். அங்கிருந்து எழுத்து மேசைக்கு வந்துசேர அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

அவர் பெயர் பியூஷ் பாண்டே. 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018-இல் பிரான்ஸின் கான் விளம்பர விழா, தன் உயரிய வாழ்நாள் விருதான செயின்ட் மார்க் சிங்கத்தை அவருக்கும் தம்பி பிரசூன் பாண்டேக்கும் சேர்த்து வழங்கியது. 2025 அக்டோபரில் அவர் மறைந்தபோது, இந்திய விளம்பரத்துக்கு இந்திய நாக்கைக் கொடுத்தவர் என்று சக தொழிலாளர்களும் போட்டி நிறுவனத்தாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற?” கலைப்பிரிவில் சேர்ந்த எந்த மாணவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்பார்கள். ஆசிரியர் வேலை, அரசுத் தேர்வு, வங்கித் தேர்வு என்று மூன்று பதில்களோடு பேச்சு முடிந்துவிடும். நான்காவதாக ஒரு பதில் உண்டு என்பதைத்தான் இந்தப் பொழிவு சொல்ல வருகிறது. விளம்பரமும் சந்தைப்படுத்தலும் சார்ந்த படைப்புத் தொழில், கலைப் படிப்பு படித்தவர்கள் வேறு வழியில்லாமல் வந்து ஒதுங்குகிற திண்ணை அன்று. அந்தத் தொழிலின் பெரிய மேசைகளில் பலவற்றில் தொடக்கம் முதலே அவர்கள்தாம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேருந்துக்குப் பின்னால் ஒரு பலகை

ஃபெவிகால் பசைக்காகப் பாண்டே சகோதரர்கள் எடுத்த ஒரு படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். பாலைவன மண்சாலையில் ஒரு பழைய பேருந்து குலுங்கிக் குலுங்கிப் போகிறது. உள்ளே இடமில்லை. கூரை மேலும் படிக்கட்டிலும் பக்கவாட்டிலும் மனிதர்கள் அப்பிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, ஒருவரும் விழவில்லை. வண்டி நம்மைக் கடந்து போகும்போது அதன் பின்புறம் தெரிகிறது. அங்கே ஒரு ஃபெவிகால் விளம்பரப் பலகை. வசனம் கிடையாது. 2002-இல் கான் விழாவில் இந்தப் படத்துக்கு வெள்ளிச் சிங்கம் கிடைத்தது.

பசையின் வேதிப்பொருள் என்ன, எத்தனை கிலோ எடை தாங்கும் என்ற தகவல் எதுவும் அதில் இல்லை. இருந்ததெல்லாம், ராஜஸ்தானில் வளர்ந்த ஒருவர் தினமும் பார்த்த பேருந்து. அதை அப்படியே எடுத்துவந்து, எதைப் பக்கத்தில் வைத்தால் ஊர் முழுக்கச் சிரிக்கும் என்று கண்டுபிடித்ததுதான் வேலை. பட்டறைத் தச்சருக்கும் படம் புரிந்தது, நகரத்து அதிகாரிக்கும் புரிந்தது.

1994-இல் வந்த கேட்பரி சாக்லேட் படமும் அப்படித்தான். அதுவரை சாக்லேட் என்றால் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பது என்ற எண்ணம்தான் இருந்தது. கிரிக்கெட் மைதானத்தில் காதலன் சிக்ஸர் அடித்ததும், ஒரு பெண், காவலரை ஏமாற்றி உள்ளே ஓடி, கூட்டம் பார்க்கப் பார்க்க ஆடுகிறாள். பெரியவர்களும் சாக்லேட் சாப்பிடலாம் என்று அறிவுரை சொல்லாமல், பெரியவர்களுக்குள் ஒளிந்திருந்த குழந்தையை அந்தப் படம் வெளியே கூப்பிட்டது. அதன் பாட்டு வரிகளும் பாண்டே எழுதியவையே. 2021-இல் அதே நிறுவனம் அதே காட்சியைத் திருப்பி எடுத்தது. இப்போது ஆடுகளத்தில் பெண். மைதானத்துக்குள் ஓடிவந்து ஆடுபவன் ஆண். 27 ஆண்டுகளில் நாடு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே போதும்.

போலியோ சொட்டுமருந்துக்காக அமிதாப் பச்சன் பேசிய பிரசாரத்திலும் பாண்டேயின் எழுத்து இருந்தது. மென்மையாக வேண்டிக்கேட்ட படங்களுக்குப் பிறகு, ஏன் குழந்தையைக் கூட்டிவரவில்லை என்று பச்சன் கோபமாகக் கேட்கும் படங்கள் வந்தன. அவைதாம் மக்களிடம் எடுபட்டன. மருத்துவர்களும், சுகாதாரப் பணியாளர்களும், வீடு வீடாக நடந்த தொண்டர்களும் செய்த மாபெரும் வேலையில் அந்தப் படங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

கல்கத்தா, பம்பாய்

பாண்டே ஒரு விதிவிலக்கு என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1943-இல், கல்கத்தாவின் டி.ஜே. கெய்மர் விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் சம்பளத்துக்கு ஓர் இளம் ஓவியர் சேர்ந்தார். பிரெசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் முடித்தவர். பிறகு சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடமும் வினோத் பிஹாரி முகர்ஜியிடமும் ஓவியம் பயின்று, படிப்பை முடிக்காமல் திரும்பியவர். அவர்தாம் சத்யஜித் ராய். 1950-இல் நிறுவனம் அவரை வேலை நிமித்தமாக லண்டனுக்கு அனுப்பியது. அங்கே சில மாதங்களில் ஏறக்குறைய நூறு படங்களைப் பார்த்தார். விளம்பர வேலையில் இருந்துகொண்டே, விடுமுறை நாட்களில் ‘பதேர் பாஞ்சாலி’யைப் படமாக்கத் தொடங்கினார். எழுத்துருக்களை வடிவமைக்கும் ஆர்வமும் கடைசிவரை அவரிடம் இருந்தது. அவர் உருவாக்கிய ரோமன் எழுத்துரு ஒன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த ஷியாம் பெனகல், 1959-இல் பம்பாயின் லிண்டாஸ் நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதுபவராகச் சேர்ந்தார். அவர் இயக்கிய ‘அங்கூர்’ படம் 1974-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எடுத்த விளம்பரப் படங்களும் ஆவணப் படங்களும் நூற்றுக்கணக்கானவை. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கவிஞர் அருண் கொலாட்கரின் பிழைப்பும் விளம்பர வடிவமைப்புதான். அந்தத் துறையின் விருதுகளைப் பலமுறை பெற்றவர். அவருடைய ‘ஜெஜுரி’ 1977-இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு வாங்கியது.

அமுல் வெண்ணெய்ச் சிறுமியை 1966-இல் உருவாக்கியவர்கள் சில்வெஸ்டர் டகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும். அந்த வெண்ணெயோடு இன்றும் ஒட்டியிருக்கும் ‘அட்டர்லி பட்டர்லி’ என்ற எதுகைச் சொற்களை எடுத்துக் கொடுத்தவர் சில்வெஸ்டரின் மனைவி நிஷா டகுன்ஹா. அவர் செயின்ட் சேவியர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். இலக்கணப்படி பார்த்தால் ‘பட்டர்லி’ என்று ஒரு சொல்லே கிடையாது. ஆனால் சொல்லின் ஓசையோடு நாள் முழுதும் புழங்கும் ஓர் இலக்கிய ஆசிரியருக்கு, இலக்கணத்தை எங்கே மீறினால் காதில் இனிக்கும் என்பது தெரிந்திருந்தது.

எட்டு எழுத்து, 200 ரூபாய்

தமிழ் இதழியலின் பெரிய கதை ஒன்றும் விளம்பரத்திலிருந்துதான் தொடங்குகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து தாயோடு சென்னைக்கு வந்த எஸ்.எஸ். வாசன், பச்சையப்பன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். இதழ்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் தொழிலும் தபால்வழி வியாபாரமும் செய்தார். அப்படி விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த இதழ்களில் ஒன்று நின்றுபோகும் நிலைக்கு வந்தபோது, 1928-இல் அதை விலைக்கே வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் என்று ‘ஆனந்த விகடன்’ என்ற எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார். அதே மனிதர் 1948-இல் ‘சந்திரலேகா’வை இந்தியிலும் எடுத்து, வடநாட்டிலும் முழக்கமான விளம்பரத்தோடு வெளியிட்டார். மக்கள் எதற்காகக் கூடுவார்கள் என்று விளம்பரம் பிடித்துத் திரிந்த நாட்களில் கற்ற கணக்கு, அந்தப் படத்தில் முரசுகளின் மேல் ஆடிய நடனத்திலும் இருந்தது.

விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு உயிர்கொடுத்த ஓவியர் கோபுலுவும் அந்த மேசைக்கு வந்தவரே. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், 1963-இல் இதழ் வேலையை விட்டு விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார்; 1972-இல் ஆட்வேவ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். கல்யாண வீட்டுத் திண்ணையில் யார் எப்படிச் சாய்ந்து உட்காருவார், நாதஸ்வரக்காரர் சீவாளியை எப்படிப் பிடிப்பார் என்று கவனித்து வரைந்த கை அது.

திணை சொல்லித் தரும் பாடம்

தமிழிலக்கிய மாணவர்கள் தங்கள் படிப்புக்கும் இந்தத் தொழிலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நினைக்கிறார்கள். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் என்ன சொல்லித் தருகிறது? முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தின் உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை. இவற்றின் நடுவே உரிப்பொருளாக ஒரே ஓர் உணர்வு. முல்லை என்றால் காடு, கார்காலம், மாலைப்பொழுது, காத்திருத்தல். காத்திருக்கிறாள் என்று புலவர் சொல்லவேண்டியதில்லை. மாலையும் மழையும் வந்தாலே கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

முப்பது விநாடி விளம்பரப் படத்துக்குக் காட்சிப் பலகை வரைபவர் செய்வதும் இதுவே. ஒரு காப்பிப் பொடி விளம்பரத்தில் மேசை மேல் பீங்கான் கோப்பை இருந்தால் ஒரு வீடு. பித்தளை டவராவும் டம்ளரும் இருந்தால் வேறு வீடு. எவர்சில்வர் டம்ளரும், அதைத் துணியால் பிடித்திருக்கும் கையும் இருந்தால் மூன்றாவது வீடு. பாத்திரம் மாறினால் குடும்பமும் வருமானமும் தலைமுறையும் மாறிவிடும். கருப்பொருளைத் தப்பாக வைத்த விளம்பரத்தைப் பார்த்ததும், ‘இது நம்ம வீடு இல்லை’ என்று பார்ப்பவர் ஒரு விநாடியில் விலகிவிடுவார். உள்ளுறையும் இறைச்சியும் படித்த மாணவருக்கு, சொல்லாமல் சொல்வது எப்படி என்று புதிதாகப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. ஃபெவிகால் பேருந்து அப்படிச் சொல்லாமல் சொன்னதுதான்.

இன்று இதற்கு நேரடியான தேவையும் இருக்கிறது. அகில இந்திய விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வருகின்றன. சமையல் எண்ணெய்க்கான வாசகம் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். அவசரத்தில் மொழிபெயர்த்தால் இப்படி விழும்: “ஏனெனில், நீங்கள் உங்கள் குடும்பத்தின் மீது அக்கறை கொள்கிறீர்கள்.” எந்தத் தமிழ் அம்மாவும் எந்த நாளிலும் இப்படிப் பேசியதில்லை. வாசலில் மகனுடைய வண்டிச் சத்தம் கேட்கும். தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார். திரும்பிப் பார்க்காமலே, “கை கழுவிட்டு வா” என்பார். அக்கறை முழுவதும் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. முதல் வாசகத்தை இயந்திரமே எழுதித் தந்துவிடும். இரண்டாவதை எழுத, ஒரு வீட்டின் அடுப்படியில் நின்று கேட்ட காது வேண்டும்.

எத்தனை மேசைகள்

விளம்பர நிறுவனம் என்றதும் வாசகம் எழுதுபவரும் ஓவியரும் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். அந்த இருவரையும் ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்த பெருமை வில்லியம் பெர்ன்பாக்குக்கு உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த அவர், 1949-இல் கூட்டாளிகளோடு நிறுவனம் தொடங்கினார். 1959-இல் வெற்றுத்தாளின் ஒரு மூலையில் மிகச் சிறிதாக ஒரு வோக்ஸ்வாகன் காரை வைத்து அவர் நிறுவனம் வெளியிட்ட விளம்பரம் இன்றும் பாடமாக இருக்கிறது.

1968-இல் லண்டனில் இன்னொரு மேசை பிறந்தது. ஸ்டான்லி பாலிட்டும் ஸ்டீபன் கிங்கும் தத்தம் நிறுவனங்களில் ‘பிளானிங்’ என்ற பிரிவை உருவாக்கினார்கள். வாங்குபவரின் மனம், பழக்கம், பேச்சு ஆகியவற்றை ஆராய்ந்து வந்து படைப்புக் குழுவிடம் சொல்வது அதன் வேலை. சமூகவியல், உளவியல், மானுடவியல் படித்தவர்களுக்கு அது தாய்வீடு. களப்பணி செய்து, நேர்காணல் எடுத்து, சொன்னதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் ஏற்கெனவே பழகியிருப்பார்கள்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய பணம் என்பதற்குக் கடலூரே சாட்சி. 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். கிராமங்களுக்குப் போய், கூட்டத்தின் நடுவே சிறுவர்களுக்குத் தலைக்குக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். காலியான உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு புதிய உறை இலவசம் என்றார்கள். சீயக்காயும் சோப்பும் புழங்கிய வீட்டுக்குள் ஷாம்பு நுழைந்தது. முழுப் பாட்டில் வாங்க முடியாதவர் ஓர் உறை வாங்குவார் என்பது பொருளாதாரம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பார்கள் என்பது சமூகவியல்.

வரலாற்று மாணவருக்குக் கைவந்த பழக்கம் ஒன்று உண்டு: சான்றுகளைத் தேடிப் படிப்பது. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்து, பட்டம் வாங்காமலே வெளியேறிய டேவிட் ஓகில்வி, ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்துக்காக அந்தக் காரைப் பற்றி மூன்று வாரம் படித்துக்கொண்டே இருந்தார். மணிக்கு அறுபது மைல் வேகத்திலும் காருக்குள் பெரிதாகக் கேட்பது கடிகாரச் சத்தம்தான் என்ற புகழ்பெற்ற தலைப்பு, அப்படிப் படித்ததில் அகப்பட்ட ஒரு தகவல். அவர் கற்பனை செய்து எழுதியது அன்று.

வாசல் எங்கே இருக்கிறது

இனி நடைமுறைக்கு வருவோம். இந்தத் தொழிலில் சான்றிதழைவிட முன்னால் பார்க்கப்படுவது போர்ட்ஃபோலியோ. ஐந்து பொருட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் யார் வாங்குகிறார், ஏன் வாங்குகிறார், அவரிடம் சொல்லவேண்டிய ஒரே செய்தி என்ன என்று எழுதி, அதற்கொரு விளம்பரத்தையும் செய்து வைத்தால் அதுவே போர்ட்ஃபோலியோ. யாரும் வேலை கொடுத்திருக்கவேண்டியதில்லை. ஊரிலுள்ள எண்ணெய்ச் செக்கு, தையற்கடை, கல்லூரி வாசல் டீக்கடை போதும். உண்மையான கடைக்காக, உண்மையான ஆட்களைக் கேட்டுச் செய்ததென்றால் இன்னும் நல்லது.

பல நிறுவனங்கள் காப்பி டெஸ்ட் என்ற எழுத்துத் தேர்வை வைக்கின்றன. அதில் பார்ப்பது மனப்பாடத்தை அன்று. ஒரே பொருளை எத்தனை பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது என்பதைத்தான். முதல் வேலை சின்னதாகத்தான் இருக்கும். பிழை திருத்துவது, மொழிபெயர்ப்பது, சமூக ஊடகத்துக்குத் துணுக்கு எழுதுவது என்று நாட்கள் போகும். தொடக்கச் சம்பளம் குறைவு. இரவு வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும். எழுதிய பத்தில் ஒன்பது குப்பைக்குப் போகும். இதைத் தெரிந்துகொண்டே வரவேண்டும். பாண்டே எழுதிய முதல் விளம்பரம் ஒரு சலவைத் தூளுக்கானது.

மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஆங்கிலம் ஒரு சுவராக நிற்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. அலுவலகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாமக்கல் லாரிப் பட்டறையிலும், தூத்துக்குடி மீன் ஏலத்திலும், ஆம்பூர் தோல் தொழிற்சாலை வாசலிலும் பேசுகிற தமிழ், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குக் கிடைக்காத சரக்கு. அதை ஏதோ குறைபோல ஒளித்துவைக்காமல் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் வைக்கவேண்டும்.

கேள்வி கேட்க ஓர் ஆள்

விளம்பரம் தீங்கும் செய்யும். 1975-இல் வந்த சிவப்பழகு க்ரீம் ஒன்று, நிறம் வெளுத்தால் வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்கும் என்ற எண்ணத்தைப் பல ஆண்டுகள் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 2020-இல்தான் அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது. விளம்பரத் துறை தனக்கென ஒரு கண்காணிப்பு மன்றத்தை 1985-லேயே அமைத்துக்கொண்டது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரங்களுக்கு அபராதம் விதிக்க வழிசெய்திருக்கிறது. ஆனால் சட்டம் வருவது படம் ஓடிய பிறகு. முன்னதாகவே, கூட்டத்தில் உட்கார்ந்து, “இதைப் பார்க்கிற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு என்ன ஆகும்?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பெரியாரையும் அம்பேத்கரையும், பெண்ணியத்தையும் சாதியின் வரலாற்றையும் வகுப்பில் படித்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர். கலைப் படிப்பு படித்தவர் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று சொல்வதற்கு, வேலைவாய்ப்பைவிட வலுவான காரணம் இதுதான்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டில் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். புதிய பாடத்திட்டம் வேண்டாம். திணை நடத்தும் வகுப்பில் ஒரு விளம்பரப் படத்தைப் போட்டுக் காட்டி, முதல், கரு, உரி எவை என்று கேளுங்கள். களப்பணிக்குப் போகும் சமூகவியல் மாணவர்களை ஒரு முறை சந்தைக்கும் அனுப்புங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் தெருமுனை மளிகைக் கடை வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். யார் எந்தப் பொருளை எந்தப் பெயர் சொல்லிக் கேட்கிறார், எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார், குழந்தை கேட்டதை அம்மா என்ன சொல்லி மறுக்கிறார் என்று நோட்டில் எழுதுங்கள். கேட்ட பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். திங்கட்கிழமை அந்த நோட்டோடு உங்கள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.